தொட்டி மண்ணும் மலர்ச் செடியும்

வீட்டினுள் வளர்க்கப்படும் மலர்ச் செடிகளுட் பல, கவனிப்பாரின்றி மடிவதினும் மிகுதியாகக் கவனிக்கப்பட்டே மடிகின்றன என்று கூறின், இதனைப் படிப்போர் வியப்படையக்கூடும். செடி வாடக் கண்டவுடன் நீர் ஊற்றுகின்றோம். பின்னும் வாடின் உரம் இடுகின்றோம். அதற்கும் தேறாதாயின் வேறோர் உரத்தைத் தேடிச் செல்லுகின்றோம். "இதற்கு என்ன உரம் போடலாம்?" என்பதே எவரும் முதற்கண் எழுப்பும் வினா. அவ்வினா தவறன்று, ஆயினும் அது முதலாவதாக எழவேண்டிய வினா அன்று. முதலாவதாக எழவேண்டியது யாதென்பதை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

யான் மாணவனாயிருந்த காலத்தில், விடுதி அறையின் சாளரத்தருகே ஆந்தூரியச் செடியொன்றை வளர்த்தேன். செவ்வரக்கு வண்ணத்தில், இதய வடிவினதாய் மடலொன்று விரிக்கும் அச்செடியின்பால் எனக்கு அளவிறந்த ஆசை. நல்ல மண்ணில் அதனை வைத்தல் வேண்டுமென்று எண்ணி, குளத்து வண்டலைக் கொணர்ந்து தொட்டியை நிரப்பினேன். நீர் வடிதற்பொருட்டு அடியிற் கூழாங்கற்களைப் பரப்பினேன். நாடோறும் காலையிலும் மாலையிலும் நீர் வார்த்தேன். திங்களுக்கு இருமுறை உரமும் இட்டேன். மூன்றாந் திங்களில் இலைகள் மஞ்சளித்துத் துவண்டன. செடியைத் தொட்டியினின்று கவிழ்த்து நோக்கியபொழுது, வெண்மையாய் இருத்தற்குரிய வேர்கள் பழுப்பு நிறமெய்திக் குழைந்து, துர்நாற்றம் வீசின. அச்செடி பசியால் இறந்ததன்று, தாகத்தால் இறந்ததுமன்று. மூச்சுவிட இடமின்றி இறந்தது. வளமிக்க வண்டல், அடிக்கல், மிகுநீர் ஆகிய மூன்றும் சேர்ந்து அதனைக் கொன்றன.

செடிக்கும் மண்ணுக்கும் உள்ள தொடர்பை நுணுகி ஆராய்ந்த பழைய சோதனைகளுள் ஒன்று, தொட்டியிலேயே நிகழ்ந்தது என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. பெல்ஜிய நாட்டினரான வான் ஹெல்மாண்ட் என்னும் அறிஞர், உலர்த்தி நிறுத்த 200 இராத்தல் மண்ணைத் தொட்டியிலிட்டு, அதில் 5 இராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, நீர் மட்டுமே ஊற்றி வந்தார். ஐந்தாண்டுகள் கழிந்தபின் மரம் 169 இராத்தலுக்கு மேல் நிறை கொண்டிருந்தது. மண்ணோ ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ் மட்டுமே குறைந்திருந்தது. அவர் மறைந்தபின், 1648ஆம் ஆண்டில் வெளியான நூலில் இச்சோதனை விவரிக்கப்பட்டுள்ளது. மரத்தின் எடை முழுவதும் நீரினின்றே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். இலைகள் காற்றினின்று கரியமில வாயுவை ஏற்று உணவாக்கும் உண்மை அவருக்குப் பின்னரே விளங்கிற்று. அவர் பொருட்படுத்தாது விட்ட அந்த இரண்டு அவுன்ஸிலேதான் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து முதலிய இன்றியமையாத பொருள்கள் அடங்கியிருந்தன.

இச்சோதனை நமக்கு இரண்டு உண்மைகளைப் புலப்படுத்துகின்றது. மண்ணிலிருந்து செடி கொள்ளும் உணவு இன்றியமையாதது என்பது ஒன்று. ஆயினும் அஃது அளவிற் சிறிது என்பது மற்றொன்று. அங்ஙனமாயின், எஞ்சிய 199 இராத்தலுக்கும் மேற்பட்ட மண் அங்குச் செய்த தொழில் யாது? செடி நிற்க இடமளித்தது. நீரைச் சேமித்து வைத்தது. வேர்களுக்குக் காற்றை வழங்கிற்று. மண் செடிக்கு உணவுக்கூடம் மட்டுமன்று. அதற்கு முன்னரே அது செடி வாழும் வீடு.

வேரும் உயிர்ப்புடைய உறுப்பே. அது பிராணவாயுவை ஏற்றுக் கரியமில வாயுவை வெளியிடுகின்றது. மண் துகள்களுக்கிடையேயுள்ள துளைகளின் வழியாகவே அவ்வாயுக்கள் வந்து செல்லுகின்றன. பெருந்துளைகளில் நீர் விரைந்து வடிந்து காற்றுப் புகும். நுண்துளைகளில் நீர் பற்றிக்கொண்டு நிற்கும். களிமண் துகளின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு கூறாக்கியதில் ஒரு கூற்றினும் சிறிது. அத்தகைய துகள்கள் நெருங்கிச் செறியுமிடத்து நுண்துளையே மிகுதி. காற்றுக்கு இடம் அரிது. நிலத்திலேயாயின் மண்புழுக்கள் துளையிடும். பழைய வேர்கள் மட்கி வழி திறக்கும். கோடையில் மண் வெடித்துக் காற்றை ஏற்கும். தொட்டியிலோ இவை நிகழ்வது அரிது. நாடோறும் நாம் ஊற்றும் நீர் மண்ணை மேன்மேலும் இறுகச் செய்கின்றது.

அன்றியும், தொட்டிக்கே உரிய இடரொன்றுண்டு. அதனை அறிய ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். நீள்சதுரமான பஞ்சுக்கட்டி ஒன்றை நீரில் தோய்த்துக் கிடைமட்டமாகப் பிடித்து, நீர் சொட்டுவது நிற்குமட்டும் காத்திருக்க. பின்னர் அதனைச் செங்குத்தாக நிறுத்துக. முன்னர் நின்றுபோன நீர் மீண்டும் சொட்டக் காண்பீர்கள். பஞ்சின் உயரம் மிகுந்தவுடன் அதன் மேற்பகுதி வறண்டு, அடிப்பகுதியில் மட்டும் நீர் தங்குகின்றது. தொட்டி மண்ணிலும் இவ்வாறே அடியில் நீர் தேங்கிய அடுக்கொன்று என்றும் உண்டு. தொட்டியின் ஆழம் குறையுந்தோறும் மொத்த மண்ணில் அந்நீரடுக்கின் பங்கு மிகும்.

இனி, அடியிற் பரப்பும் கூழாங்கற்களின் பயன் யாதென நோக்குவோம். நுண்ணிய துளைகளையுடைய மண்ணினின்று பெருந்துளைகளையுடைய கல்லடுக்கினுள், மண் முழுதும் நனைந்து தெவிட்டுமளவும் நீர் எளிதில் இறங்குவதில்லை. ஆகவே நீரடுக்கு தொட்டியின் அடியில் நிற்பதற்கு மாறாகக் கல்லின் மேல் நிற்கும். வேருக்குக் கிடைத்த நல்லிடம் அந்த அளவிற் குறையும். நீர் வடியுமென்று எண்ணிச் செய்த செயல் நீரை வேருக்கு அணித்தாகக் கொணர்கின்றது. துளை வழியே மண் சிந்தாதிருத்தற்கு ஓர் ஓட்டுச்சில்லோ, துண்டுத் துணியோ போதுமானது. வடிகால் வேண்டுமாயின் அது தொட்டி மண் முழுவதிலும் அமைதல் வேண்டும். அடியில் மட்டும் அன்று.

இவ்வுண்மைகளைச் சோதனை முறையால் நிலைநாட்டிய வரலாறொன்று உண்டு. இலண்டன் மாநகரையடுத்த மெர்ட்டன் என்னும் ஊரில், ஜான் இன்னிஸ் என்னும் செல்வர் எழுதிவைத்த உயிற்கொடையால் 1910ஆம் ஆண்டில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமொன்று தோன்றிற்று. மரபியலை வளர்த்த வில்லியம் பேட்சன் அதன் முதல் தலைவர். மரபுக் கூறுகளை ஆராய்தற்குச் செடிகள் ஒரே தன்மையாய் வளர்தல் வேண்டும். ஆனால் தொட்டிகளில் முளைத்த சீனப் பிரிமுலா நாற்றுக்கள் பெருவாரியாக மடிந்தன. அக்காலத்துத் தோட்டக்காரர் ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு மண்கலவையைக் கையாண்டனர்; அக்கலவைகளைப் பரம்பரை மறைபொருளாகவும் காத்தனர். வில்லியம் லாரன்ஸ், ஜான் நியூவெல் என்னும் இருவர் 1930க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் எண்ணிறந்த சோதனைகள் செய்து, இத்தனை வகைக் கலவைகள் வேண்டுவதில்லை. விதைக்கு ஒன்றும் வளர்ந்த செடிக்கு ஒன்றும் இருப்பின் ஏறக்குறைய எல்லாச் செடிகளுக்கும் அமையும் என்று கண்டனர்.

அவர்கள் வகுத்த செடிக்கலவையில், கன அளவாக 7 பங்கு வளமண், 3 பங்கு பீட், 2 பங்கு பருமணல் சேரும். பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்புக்களில் பாசி முதலியன பல்லாயிரம் ஆண்டுகள் அரைகுறையாக மட்கிச் சேர்ந்த பொருள். வளமண்ணை நீராவியாற் சூடேற்றி, அதிலுள்ள நோய்க்கிருமிகளை அழித்த பின்னரே கலந்தனர். உணவுக்கு, எடை அளவாகக் கொம்பு குளம்புத் தூள் 2 பங்கு, சூப்பர் பாஸ்பேட் 2 பங்கு, பொட்டாசியம் சல்பேட் 1 பங்கு கலந்த தூளினை, ஒரு புஷல், அதாவது ஏறத்தாழ 36 லிட்டர் கலவைக்கு 4 அவுன்ஸ் மட்டுமே இட்டனர். அதனுடன் முக்கால் அவுன்ஸ் சுண்ணக்கல் தூளும் சேர்த்தனர். இரண்டு பெரிய வாளி மண்ணுக்கு ஒரு கைப்பிடித் தூளே உணவு! எஞ்சியவை அனைத்தும் நீரையும் காற்றையும் சமன் செய்தற்கே வகுக்கப்பட்டன. வான் ஹெல்மாண்ட் கண்ட இரண்டு அவுன்ஸை இது நினைவூட்டவில்லையா?

இவ்வரலாற்றில் மாணவர்கள் போற்றவேண்டிய செய்தி மற்றொன்றுண்டு. அந்நிலையம் தான் கண்ட கலவையை விற்பனை செய்து பொருளீட்டவில்லை. அளவுகளை யாவரும் அறிய வெளியிட்டது. மறைபொருளாயிருந்தது பொதுச்சொத்தாயிற்று. அந்நிலையம் பின்னர் இடம் பெயர்ந்து, இக்காலத்தில் நார்விச் நகரில் சிறந்த ஆராய்ச்சிக்கூடமாய் விளங்குகின்றது.

இனி, தொட்டி மண்ணோடு சேர்த்தற்குரிய பொருள்களை அவை செய்யும் தொழிலால் மூவகையாகப் பகுத்துக் காண்போம். காற்றை அளிப்பன, நீரைக் காப்பன, உணவை ஊட்டுவன என்பன அவை.

காற்றை அளிப்பனவற்றுள் பருமணல், செங்கற் சில்லு, மரக்கரித் துண்டு, உமிக்கரி, பெர்லைட் என்பன சிறந்தவை. மணலாயின் பருமணலே ஆகும். நுண்மணல் களியோடு சேரின் மேலும் இறுகும். பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடிப் பாறை. அதனைச் சுமார் 870 பாகை செல்சியஸ் வெப்பத்திற் சூடேற்ற, அதனுள் அடங்கிய நீர் ஆவியாகி, நெற்பொரி பொரிவதுபோல் பாறையும் பொரிந்து வெண்மையான இலேசான மணிகளாகின்றது. அதன் தூசி மூச்சுக்கு ஆகாதாதலின், நீர் தெளித்த பின்னரே கையாளல் வேண்டும். உமிக்கரி நம் நெல்லாலைகளை அடுத்து எளிதிற் கிடைப்பது. சற்றுக் காரத்தன்மை உடையதாதலின் அளவோடு சேர்த்தல் நன்று.

நீரைக் காப்பனவற்றுள் நன்கு மட்கிய இலைமக்கும், தென்னை நார்க்கழிவும் நமக்கு உரியவை. மேனாட்டினர் நெடுங்காலம் பீட்டையே நம்பியிருந்தனர். ஆயின் சதுப்புக்களில் அஃது ஓராண்டில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே சேர்கின்றது. வெட்டியெடுத்தால் அதனுள் அடங்கிய கரியும் காற்றிற் கலக்கின்றது. ஆதலின் அதற்கு மாற்றாகத் தேங்காய் மட்டையினின்று நார் பிரித்தபின் எஞ்சும் சோற்றுத்தூள் உலகெங்கும் செல்லுகின்றது. நம் நாட்டின் தென்பகுதியிலும் இலங்கையிலும் கயிற்றுத் தொழிற்சாலைகளின் அருகே குப்பையாய்க் குவிந்து கிடந்த பொருள், இன்று பிறநாட்டு மலர்த்தொட்டிகளில் இடம்பெற்றுள்ளது. எனினும் அதனை அவ்வாறே இடுதல் தவறு. அதில் சோடியம், பொட்டாசிய உப்புக்கள் மிகுந்திருக்கக்கூடும். ஆகவே நன்னீரில் பன்முறை அலசுதல் வேண்டும். மட்காத தூளில் தழைச்சத்தின் ஒரு பங்குக்குக் கரி ஏறத்தாழ நூறு பங்கு உள்ளது. அதனை மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்தே கவர்ந்துகொள்ளும். சிப்பிக்காளான் வித்தும் சிறிது யூரியாவும் கலந்து அதனை மட்கவைக்கும் முறை நம் நாட்டில் வழக்கில் உள்ளது.

உணவை ஊட்டுவன மண்புழு உரம், மட்கிய தொழு எரு, வேப்பம் பிண்ணாக்கு, எலும்புத்தூள் முதலியன. இவை மெல்லக் கரைந்து மெல்ல ஊட்டுவனவாதலின் தொட்டிச் செடிக்குப் பொருந்தும். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் எல்லையுண்டு. எலும்புத்தூளிலுள்ள மணிச்சத்து புளிப்புத் தன்மையுள்ள மண்ணிலேயே கரையும். காரமண்ணில் இட்டால் பயனின்றிக் கிடக்கும். தழைச்சத்து மிகின் இலைகள் செழிக்கும், மலர் வாராது. எந்தச் சத்து மிகக் குறைவாயுள்ளதோ, அதுவே வளர்ச்சியை வரையறுக்கும். பிற சத்துக்களை எத்துணை மிகுத்திடினும் பயனில்லை. ஜெர்மானியரான ஸ்பிரெங்கல் கண்டு, லீபிக் பரப்பிய இக்கொள்கை, உரம் வாங்கச் செல்வோர் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ளத்தக்கது.

எந்தச் செடிக்கு எந்தக் கலவை என்பதை அறிய, அச்செடியின் தாய்நிலத்தை வினவுதலே நேர்வழி. ஆப்பிரிக்க வயலட் என வழங்கும் சிறுசெடியை எடுத்துக்கொள்வோம். 1892ஆம் ஆண்டில், இக்காலத் தான்சானியாவிலுள்ள உசம்பாரா மலைப்பகுதியில், ஜெர்மானிய அலுவலரான வால்ட்டர் வான் செயிண்ட் பால் என்பார் அதனைக் கண்டு தம் தந்தையார்க்கு அனுப்பினார். அடுத்த ஆண்டில் ஹெர்மன் வெண்ட்லாண்டு அதற்குச் செயிண்ட்பாலியா எனப் பெயரிட்டார். 2015ஆம் ஆண்டு முதல் அது ஸ்டிரெப்டோகார்ப்பஸ் என்னும் பேரினத்தில் அடக்கப்பட்டுள்ளது. நிழல் சூழ்ந்த காட்டில், பாறை இடுக்குகளில், பாசியும் சிறிது இலைமக்கும் படிந்த இடத்தில் அது வளருகின்றது. அத்தகைய செடியை வயல்மண்ணில் வைப்பது தகுமா? அலசிய தென்னைத்தூள் 2 பங்கு, பெர்லைட் 1 பங்கு, இலைமக்கு 1 பங்கு கொண்ட கலவை அதற்கு ஏற்றது. குளிர்ந்த மலையூர்களில் அஃது எளிதில் மலரும்; சமவெளியின் கோடை அதற்கு ஒவ்வாது.

யான் இழந்த ஆந்தூரியமோ, கொலம்பியா, எக்குவடார் நாடுகளின் மழைக்காட்டுச் செடி. மரக்கிளைகளையும் மட்கிய சருகையும் பற்றி, காற்றில் வேர் நீட்டி வாழும் இயல்பினது. தேங்காய் மட்டைத் துண்டு, மரக்கரி, செங்கற் சில்லு ஆகியவற்றோடு சிறிது இலைமக்கு கலந்தால் அது மகிழ்ந்து வளரும். அதனை யான் குளத்து வண்டலில் புதைத்தேன். மரக்கிளையில் வாழ்வதைச் சேற்றில் இருத்திவிட்டு உரத்தால் தேற்ற முயன்றேன் என்பதை எண்ணுந்தோறும் இன்றும் நாணம் எழுகின்றது.

மண்ணின் புளிப்பும் காரமும் நோக்கத்தக்கன. இவ்விரு செடிகளுக்கும் சற்றுப் புளிப்புள்ள மண்ணே ஏற்றது. நம்மூர்க் கிணற்று நீர் பல இடங்களிற் சுண்ணம் மிகுந்தது. அதனையே நாளும் வார்க்கின் மண் காரமாகி, இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிட்டாது போகும். இளந்தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பசுமையாய்த் தோன்றின் அதுவே அறிகுறி. மழைநீர் சேர்த்து வைத்து ஊற்றுவது நல்ல மருந்து. முட்டையோட்டைப் பொடித்திடுவார் பலர். சுண்ணம் மிகுந்த நீருள்ள ஊரில் அது வேண்டுவதில்லை. காய்கறித் தோலையும் காப்பிச் சக்கையையும் மட்காமல் தொட்டியில் இடுதலும் கூடாது. அவை அழுகுங்கால் வேருக்குரிய பிராணவாயுவைக் கவர்வதோடு கொசுக்களையொத்த சிறு பூச்சிகளையும் வருவிக்கும். அவற்றை வெளியே மட்கவைத்துப் பின்னர் இடுக.

உரம் மிகுந்த தொட்டியில் மற்றொரு கேடும் விளையும். மண்நீரில் உப்பு மிகின், வேர் நீரை உட்கொள்ள இயலாது. ஈரம் இருக்கவும் செடி வாடும். வாட்டங் கண்டு நாம் மேலும் உரமிடுவோம். செடி மேலும் வாடும். தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெண்படலம் பூத்திருப்பின், உரத்தை நிறுத்தித் தொட்டியின் கொள்ளளவைப்போல் இருமடங்கு நன்னீரை மெல்ல ஊற்றி அடிவழியே வடியவிடுக. வடிந்த நீரைத் தட்டில் தேங்கவிடாது கொட்டிவிடுக.

மாணவ நண்பர்களே! உங்கள் சாளரத்தில் ஒரு மலர்ச்செடி இருக்குமாயின், இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். நீர் ஊற்றியவுடன் அது சிறிது நேரத்தில் அடித்துளையின் வழியே வெளிப்படுகின்றதா, மண்ணின்மேல் குளம்போல் நிற்கின்றதா என்று பாருங்கள். தொட்டியைக் கையில் தூக்கி அதன் கனத்தால் ஈரத்தை அறியப் பழகுங்கள். நாட்காட்டி பார்த்து நீர் ஊற்றாதீர்கள். ஐயம் எழின், செடியை மெல்லக் கவிழ்த்து வேரை நோக்குங்கள். வெள்ளை வேராயின் அச்சமில்லை. பழுப்பேறிய வேராயின், அழுகிய பகுதியை நீக்கிப் புதிய கலவையில் வையுங்கள். புதுவேர் விடும்வரை உரம் என்ற பேச்சே வேண்டா.

"இதற்கு என்ன உரம் போடலாம்?" என்னும் வினாவை நாம் கைவிட வேண்டுவதில்லை. அதற்கு முன்னதாக, "இவ்வேர் மூச்சு விடுகின்றதா?" என்று வினவுவோமாக. இவ்வினாவை அன்று யான் எழுப்பியிருந்தால், என் சாளரத்தில் அச்செம்மடல் விரிந்திருக்கும்.